பாதிச் சவரம்

கத்தி தொண்டைக்குழிக்கு வந்தபோதுதான் கண்ணாடிக்கு மேலே இருந்த நீலக் கொடி அவர் கண்ணில் பட்டது.

அவர் மஞ்சள் கொடிக்காரர். சண்டை நாட்களில் உயிர் பிழைத்தால் போதுமென்று ஊரை விட்டு ஓடியவர், அக்காவைப் பார்க்க இப்போதுதான் திரும்பியிருந்தார். இந்தத் தாடியோடு போய் நின்றால் அக்கா அழுவாளே என்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்ப்பட்ட சலூனில் நுழைந்துவிட்டார்.

பாலத்தைத் தாண்டி நீலக் கொடிக்காரர்கள் பக்கம் வந்துவிட்டது அவருக்குத் தெரியவில்லை. முன்பு அங்கே முள்வேலி இருந்தது. சமாதானம் வந்ததும் எடுத்துவிட்டார்கள். வேலி போனதே தவிர பயம் போகவில்லை.

கடையில் ஒரே நாற்காலி. கொடி மட்டும் மூன்று. சரியான வெறியனிடம் வந்து கழுத்தை நீட்டிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார். பாதி முகத்தில் நுரையோடு எழுந்து ஓடவா முடியும்?

"ஊருக்குப் புதுசா? எந்தத் தெரு?" என்றார் சலூன்காரர்.

அந்த ஊரில் தெருவைச் சொன்னால் கொடியின் நிறம் தெரிந்துவிடும். இங்கேதான், சந்தைத் தெரு என்று கூசாமல் புளுகினார். சலூன்காரர் கத்தியை மறுபடி ஒருமுறை தீட்டிக்கொண்டார்.

நம்பவில்லையோ என்ற பயத்தில் வாய் தானாக ஓடியது. தன் சொந்த ஜனத்தையே திட்ட ஆரம்பித்தார். மஞ்சள் கொடிக்காரர்கள் நன்றி கெட்டவர்கள் என்றார், திருடர்கள் என்றார். அக்கா கேட்டிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாள். சலூன்காரரின் கை நடுங்கியது. கோபம் ஏறுகிறது, நம்பிவிட்டான் என்று இன்னும் ஒரு படி மேலே போனார்.

"அவனுங்கள்ல ஒருத்தன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், உயிரோட விடமாட்டேன்."

கத்தி நின்றது. கழுத்தில் சுரீரென்றது, நுரையில் ஒரு சொட்டு ரத்தம். கண்ணாடியில் சலூன்காரர் அவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்துவிட்டான். இனி அக்கா முகத்தைப் பார்த்த மாதிரிதான்.

சலூன்காரர் வாசலுக்குப் போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டார். இவருக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வந்தவர் கத்தியை மேஜைமேல் வைத்தார். அப்படியே நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து இவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் மஞ்சள் கொடின்னு உங்களுக்கு யாரு சொன்னா?"