மார்லீனின் பயம்

குயின்ஸ்லாந்தின் சார்லவில் ஊர் மைதானத்தில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வேன் நின்றிருந்தது. மார்லீன் அதன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பயமா இருக்குடி கிளெனிஸ்."

"முரட்டுக் காளையை அடக்குறவ மெஷினைப் பாத்து நடுங்குறியா? வெக்கமா இல்ல?" என்று தோழி அதட்டினாள்.

"அப்ப நீ முதல்ல போய்க் காட்டு."

"இவ்வளவுதானே?"

கிளெனிஸ் விறுவிறுவென்று உள்ளே போனாள்.

பெயர் எழுதும் பெண் வெளியே எட்டிப் பார்த்தாள். "மார்லீன்! உங்களுக்குத்தான் போன வாரமே படம் எடுத்தாச்சே, மறுபடியும் எதுக்கு?"

"மெதுவாப் பேசும்மா! கிளெனிஸோட அக்கா இந்த நோயிலதான் போனா. அதுலேருந்து நீங்க அனுப்புற கடிதத்தையெல்லாம் கிழிச்சுப் போடுறா. யார் சொன்னாலும் கேக்கமாட்டா. ஆனா, அடுத்தவளுக்குப் புத்தி சொல்லணும்னா எங்க வேணாலும் வருவா!"