பெட்டியில் இருந்த விக்

அக்காவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. மார்பில் தட்டுப்பட்ட கட்டியை வெட்கப்பட்டு மூடி மறைத்தாள். கேட்டால், "ஒண்ணுமில்லடி" என்பாள். டாக்டரிடம் காட்டியபோது கை மீறிப் போயிருந்தது. மருந்தில் முடி கொட்டியதும் தங்கைதான் விக் வாங்கித் தந்தாள். அக்காவின் முடியைப் போலவே நேரான, கன்னங்கரிய முடி.

அக்கா போனபின் அது தங்கையின் அலமாரியில் பெட்டிக்குள் கிடந்தது. வேறு நோயாளிக்காவது உதவட்டும் என்று இன்று திறந்தாள்.

முடி சுருள் சுருளாக இருந்தது. நெற்றியோரம் ஒரு கொத்து நரை.

"அச்சு அசலா உன் முடி மாதிரியே இருக்கேடி," என்று சிரித்தார் அவள் கணவர்.

குளியலறைக்குள் போய்த் தாழிட்டு, மார்பைத் தடவிப் பார்த்தாள். கை ஓரிடத்தில் நின்றது.

"உள்ள என்ன பண்றே, இவ்வளவு நேரமா?"

"ஒண்ணுமில்லங்க."