பேய்க்கரும்பு

எதுவும் விளையாத எங்கள் களர் நிலத்தில் பேய்க்கரும்பை நட்டவள் என் மனைவி மணிமேகலை. ஊரே பிடுங்கி எறிகிற காட்டுப்புல் அது. ஆலைக் கொதிகலனில் எரிக்க வாங்குகிறார்கள், ஒருமுறை நட்டால் பல வருடம் அறுக்கலாம் என்றாள். அது இடுப்பளவு வளர்வதற்குள் இறந்துபோனாள். இந்தத் தையில் நான் அறுத்துக் காயவைத்தேன்.

ஆலைக்குப் புல் எடுக்கும் சேவுகன் அண்ணன் வந்தார். எப்போதும் ஒரு பிடியைக் கொளுத்திப் பார்ப்பார்; புகைந்தால் ஈரம் என்று வாங்காமல் போய்விடுவார்.

“நான் கொளுத்திப் புகைஞ்சா என்னையத் திட்டுவீங்க. உங்க கையாலயே பத்தவைங்க தம்பி” என்று தீப்பெட்டியை நீட்டினார்.

அவளுக்குக் கொள்ளி வைத்த பிறகு நான் தீயைத் தொட்டதில்லை. சாப்பாடுகூட மெஸ்ஸில்தான்.

முதல் குச்சி உரசியதுமே காற்றில் அணைந்தது.

“ஏன் தம்பி, காலேசுல தீக்குச்சி உரசச் சொல்லித் தரலையா?” பக்கத்து நிலத்துக் காளீஸ்வரி அக்கா சிரித்தாள். பிறகு நினைவு வந்தவளாக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த குச்சியைச் சேவுகன் அண்ணன் இரண்டு கைகளாலும் காற்றுக்கு மறைத்தார். என் கையிலிருந்த பிடிப் புல் பற்றியது. புகையே இல்லை.

“நல்லாக் காஞ்சிருக்கு. அடுத்த வருசமும் குடுப்பீங்கல்ல?”

நான் தீயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கை சுடப்போகுது, கீழ போடுங்க தம்பி!”

சுட்டது. போட இடம் தேடினேன். காலடியில், அறுத்த தூர்களிலெல்லாம் பச்சை முளை கிளம்பியிருந்தது. எரிகிற புல்லோடு வரப்பை நோக்கி ஓடினேன்.