கனம்

ஞாயிறானால் பழைய ராணுவ வண்டிகளைத் தேடிக் கிளம்பிவிடும் கூட்டம் அது. ஏரிச் சேற்றில் கிடந்த லாரியைப் பாதிக் கரைவரை இழுத்தாயிற்று. அதன் பின்சக்கரத்துக்குக் கல் வைக்கப் போன தனபாலன் தொடைவரை புதைந்துபோனான். தோண்டத் தோண்டச் சேறு மூடியது. அவன்மேல் லாரி சரியாமல் பிடித்திருந்தது ஒற்றை இரும்புக் கயிறு. அதன் மறுமுனையில், இஸ்ரவேல் வருடக்கணக்கில் பாடுபட்டு ஓடவைத்த ஜீப்.

பிரேக்கை மிதித்தபடியே ஜீப் வழுக்குவதை இஸ்ரவேல் உணர்ந்தான். கனம் கூடினால் நிற்குமென்று எல்லோரும் ஓடிவந்து ஏறினார்கள். ஒரு கார்புரேட்டருக்காக இஸ்ரவேலோடு சண்டை போட்டுப் பேசாமலிருந்த அன்வர்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கால்மேல் தன் காலை வைத்து அழுத்தினான்.

"கயித்த அவுத்து விட்ருங்கடா, இல்லேன்னா ஜீப்பும் போயிரும்!" என்று கீழேயிருந்து தனபாலன் கத்தினான்.

யாரும் இறங்கவில்லை. ஜீப் இன்னொரு சாண் பின்னால் நகர்ந்தது. எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கனமாக உட்காரப் பார்த்தார்கள்.