கூப்பிட்டால் திரும்புகிறாள்

குழந்தை திரும்பியது.

அவள் வீடியோவை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்குகிறது குழந்தை. முதுகு இந்தப் பக்கம். "முகை" என்று கூப்பிடுகிறது ஒரு குரல். அவளுடைய குரல்தான். குழந்தை திரும்பிச் சிரிக்கிறது.

பதினாறு வினாடி. மார்ச் பத்தொன்பது. பதினோரு மாதத்துக்கு முன்பு.

நறுமுகைக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று டாக்டர் நேற்றுக் காலை சொன்னார்.

ஒரு வயதில் வந்த மூளைக்காய்ச்சலைப் பற்றி நிறையக் கேட்டார். எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று தெரிந்தால் நல்லது என்றார். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு உள்காது மெல்ல மெல்ல எலும்பாக இறுகும். முழுக்க இறுகிவிட்டால் கேட்பதற்கான கருவியை உள்காதில் பொருத்துவது கஷ்டம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வீட்டில் பழைய வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது என்றாள். அந்த அறையில் அவள் தயங்காமல் சொன்ன ஒரே பதில் அது.

நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. முதல் குளியல். முதல் பல். அக்கா ஆதிரையின் ஸ்கூல் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதது. ரசம் குடித்து முகம் கோணியது. இரண்டு பிள்ளைகளோடு தலைவாரக்கூட நேரம் இல்லாத நாட்களிலும் இதை மட்டும் அவள் விட்டதில்லை.

காய்ச்சலுக்கு முந்தையவற்றில் சந்தேகமே இல்லை. குக்கர் விசில் அடித்தால் குழந்தையின் உதடு பிதுங்குகிறது. தெருவில் கோலமாவுக்காரர் கூவினால் கழுத்து அந்தப் பக்கம் போகிறது.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரு மாதம் கழித்துக் காது டெஸ்ட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள்.

கணவன் சுதாகர்தான் ஞாபகப்படுத்தினான்.

அவளுக்கு அந்த வாசலை மறுபடி மிதிக்கப் பயம். நரம்பு கிடைக்காமல் அந்தச் சின்னக் கையில் எத்தனை இடத்தில் குத்தினார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும். கூப்பிட்டால் திரும்புகிற பிள்ளைக்கு எதற்கு டெஸ்ட் என்றாள். இந்தப் பதினாறு வினாடியை அவனிடம் காட்டினாள்.

அவனும் பார்த்தான். சிரித்தான்.

போகவில்லை.

ஒன்பதாவது முறை ஓட்டியபோதுதான் அந்தக் கை கண்ணில் பட்டது.

திரையின் இடது ஓரம். ஒரு சின்னக் கை வந்து, குழந்தையின் முதுகில் மெல்லத் தட்டிவிட்டு மறைகிறது. மணிக்கட்டில் ஆதிரையின் சிவப்புப் பாசிமணி.

அதற்கப்புறம்தான் குழந்தை திரும்புகிறது.

அவள் அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்ததை. திரும்பிய இடங்களில் எல்லாம் ஆதிரை இருந்தாள். ஒன்றில் கை. ஒன்றில் கால் கட்டைவிரல். ஒன்றில் உருட்டிவிட்ட பந்து.

ஆதிரை பள்ளிக்கூடம் போயிருந்த காலை நேரங்களில் எடுத்தவை தனி. அவற்றில் குழந்தையின் முதுகு மட்டும் இருந்தது.

அப்படி ஒன்றில் அவள் நான்கு முறை கூப்பிடுகிறாள். பிறகு, மேடம் ரொம்ப பிசிங்க என்று சிரிக்கிறாள். அதை எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். நிறைய இதயங்கள் வந்திருந்தன.

நாலு மணிக்கு ஆதிரை வந்தாள். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம் அவள் போனைக் காட்டினாள். திட்டுவது போல் இருந்துவிடக் கூடாது என்று குரலைத் தணித்து, ஏன் தட்டினாய் என்று கேட்டாள்.

ஆதிரை கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாந் தொட்டாத்தாம்மா திரும்புவா. நீ கூப்புட்டுட்டே இருந்தியா, அதான்."

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள். பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வீடியோ எடுத்தபோது ஆதிரைக்கு ஐந்து வயது.

ஐந்து மணிக்கு சுதாகர் கம்பெனியிலிருந்து கூப்பிட்டான். நாள் முழுக்க யோசித்திருக்கிறான். நேற்று முதல் இல்லாத ஒரு தெம்பு குரலில் இருந்தது.

"அந்த மார்ச் மாசத்து வீடியோல நல்லாத்தான திரும்புனா? அப்பக் கேட்டிருக்குது. அதுக்கப்பறந்தான் என்னமோ ஆயிருக்கோணும். அதையே டாக்டருக்கு அனுப்பி உடு."

அனுப்பலாம். எட்டு முறை பார்த்தும் அவளுக்கே தெரியாத கை அது.

அவனுக்கும் கடைசிவரை தெரியாமல் போகலாம்.

"இல்லீங்க," என்றாள். "அன்னைக்கே கேக்கலீங்க."

கையைப் பற்றிச் சொன்னாள். ஆதிரை சொன்னதையும் சொன்னாள். டெஸ்ட் வேண்டாம் என்றது தான்தான் என்பதையும், அவன் மறந்திருக்க மாட்டான் என்றாலும், சொன்னாள்.

போனில் பனியன் துணி பின்னும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஸ்கேனுக்கு எத்தன மணிக்குப் போகோணும்?" என்றான்.

காலை ஒன்பதுக்கு என்றாள்.

வைத்துவிட்டான்.

அவள் வீடியோவை டாக்டருக்கு அனுப்பினாள். இடது ஓரத்தைப் பார்க்கவும் என்று கீழே எழுதினாள். போனை அலமாரியில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

முகை ஜன்னலடியில் தனியாக இருந்தது. அவள் சுற்றிப் போய், அதன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

குழந்தை நிமிர்ந்து அவள் கண்களைப் பார்த்தது.

பிறகு வாயைப் பார்த்தது.

வாய் அசைவதற்காகக் காத்திருந்தது.