கல்யாணி வீட்டு ஃபிரீசர்

"தண்ணி கொதிக்கப்படாது அம்மா. தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடா இருக்கோணும்" என்றாள் மேனுஷா.

கல்யாணி கோப்பைத் தண்ணீரில் விரலை நனைத்துப் பார்த்தார். மேல்மாடியில் இருக்கும் சின்னவன் மூன்று கிழமையாக எதையும் விழுங்கவில்லை. இன்றைக்கும் மறுத்தால் பிழைப்பது கஷ்டம். போதாக்குறைக்கு, மேனுஷாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருக்கிறார்கள்.

"அவை போகுமட்டும் அவனைப் பற்றி மூச்சு விடாதை பிள்ளை. கலியாணம் முடியட்டும், ஆறுதலாச் சொல்லுவம்."

"மறைச்சுக் கட்டிறதிலை எனக்கு விருப்பமில்லை. நான் எங்கை போனாலும் அவனும் என்னோடை வருவான்."

"கடவுளே! பாம்போடை ஆரடி மருமகளை எடுப்பினம்?"

ஆம், அவன் ஒரு சோளப்பாம்பு. நஞ்சில்லாத குட்டி, பென்சில் தடிப்பு, செம்மஞ்சள் நிறம். வெளிநாட்டுக்கு மாறிப்போன தோழி ஒருத்தி மேனுஷாவிடம் கொடுத்துவிட்டுப் போனது.

அவர்கள் இருக்கும் கோலியர்ஸ் வுட் பகுதியில் மேனுஷாவின் அப்பா வாமதேவனைத் தெரியாத தமிழர் குறைவு. சைவ சங்கச் செயலாளர். "எங்கடை வீட்டு வாசலைத் தாண்டி முட்டை கூட வராது" என்று அவர் தரகரிடம் சொன்னதில்தான் இந்தச் சம்பந்தமே பொருந்தி வந்தது.

பாம்பையும் சைவமாக்க அவர் பாடுபடாமல் இல்லை. அவித்த சோயாமீற்றை இடுக்கியில் பிடித்து, அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டிப் பார்த்தார். கல்யாணி கிண்ணத்தில் பால் வைத்தார். பாம்பு இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டது.

பிறகு மேனுஷா கடையில் எலிக்குஞ்சு வாங்கி வந்தாள். அது முடி முளைத்த பெரிய குஞ்சு; பாம்பு பயந்து ஒளிந்தது. பாம்பின் உடம்புத் தடிப்பைவிட இரை பெரிதாக இருக்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்ன பிறகுதான், பிறந்தவுடன் உறைய வைத்த, முடியில்லாத இளஞ்சிவப்புக் குஞ்சுகள் வீட்டுக்கு வந்தன. பெட்டியில் இருந்த எலிப் படத்தைப் பார்க்கச் சகிக்காமல், கல்யாணி அவற்றை ஒரு பொலித்தீன் பையில் கொட்டி, ஃபிரீசரில் முருங்கையிலைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார்.

அழைப்பு மணி அடித்தது. மேனுஷா இரண்டு குஞ்சுகளை இளக்கப் போட்ட கோப்பையையும் இடுக்கியையும் தூக்கிக்கொண்டு மேலே ஓடினாள்.

"எங்கை மகளைக் காணேல்லை?" உட்கார்ந்த உடனேயே கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா சிவனேஸ்வரி.

"மேலை. சாமி அறையிலை நிக்கிறா" என்றார் வாமதேவன், கண் இமைக்காமல்.

சிவனேஸ்வரியின் முகம் மலர்ந்தது. "நாங்களும் பரம்பரை பரம்பரையாச் சைவம். வெங்காயம் போடுறதெண்டால் கூட ஒருக்கா யோசிப்பம்." அவருடைய கணவர் திருநீற்று நெற்றியைப் பெருமையாக ஆட்டினார். மகன் யனுஷன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவனேஸ்வரி திடீரென்று மூக்கை உறிஞ்சினார். "பக்கத்து வீட்டிலை விளைமீன் பொரிக்கினம் போலை. அந்த ஜன்னலைச் சாத்துங்கோ தங்கச்சி, எனக்கு ஒத்துவராது."

கல்யாணி ஓடிப்போய்ச் சாத்தினார். நல்லகாலம், மணம் மேல்மாடியிலிருந்து வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மேனுஷா படியில் குதித்து இறங்கினாள். "அம்மா! ரெண்டையும் விழுங்கிட்டுது!"

சிவனேஸ்வரியின் புருவம் உயர்ந்தது.

"காகம்" என்றார் வாமதேவன். "சாமிக்குப் படைச்ச மோதகத்தைக் காகத்துக்கு வைக்கிறவ. ரெண்டு வைச்சவ போலை."

மேனுஷா அப்பாவை முறைத்தாள். யனுஷன் முதன்முறையாகப் போனிலிருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். கல்யாணிக்கு உயிர் வந்தது.

ஆனால் சிவனேஸ்வரி எழுந்துவிட்டார். "குசினியை ஒருக்காப் பாக்கட்டோ? குசினியைப் பார்த்தால் குடும்பத்தைப் பார்த்த மாதிரி."

மறுக்க முடியுமா? கல்யாணி பின்னாலேயே போனார். சிவனேஸ்வரி சட்டிகளைத் திறந்து முகர்ந்தார். அலுமாரிகளைத் திறந்தார். பிறகு அவருடைய கை ஃபிரீசரை நோக்கிப் போனது.

"அக்கா, அது... அந்தக் கதவு சரியில்லை..."

கதவு நன்றாகவே திறந்தது. முருங்கையிலைப் பை நகர்ந்தது. பின்னால் இருந்த பொலித்தீன் பை வெளியே வந்தது. உறைபனி படர்ந்த பைக்குள், சின்னச் சின்னதாக, சுருண்டு, இளஞ்சிவப்பாக.

சிவனேஸ்வரி பையைக் கண்ணுக்கருகில் பிடித்துப் பார்த்தார். பிறகு குசினிக் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

கல்யாணி மனதுக்குள் கணக்குப் போட்டார். கலியாணம் போச்சு. மனிசனின் செயலாளர் பதவி போச்சு. இனிக் கோயில் வாசலில் எப்படி முகம் காட்டுவது?

"எவ்வளவு காலமா நடக்குது?" சிவனேஸ்வரியின் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு மாசம்தான் அக்கா. பிள்ளையின்ரை ஆசை..."

"உங்கடை மனிசனுக்குத் தெரியுமோ?"

"தெரியும்" என்றார் கல்யாணி, அழாத குறையாக.

சிவனேஸ்வரி நீண்ட பெருமூச்சு விட்டார். "குடுத்து வைச்சனீங்கள்."

கல்யாணிக்கு ஒன்றும் புரியவில்லை. சிவனேஸ்வரி அவருடைய கையை இறுகப் பிடித்து, ஹோலில் இருக்கும் கணவருக்குக் கேட்காதபடி காதோடு சொன்னார்:

"இந்த இறாலிலை எனக்கும் நாலு பொரிச்சுத் தாங்கோ, சம்மந்தி."