முகவரி கைமாறுகிறது

"வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போக வேண்டாம்னுதான் நானே நேர்ல வந்திருக்கேன். டொமைனை, அதான் கம்பெனியோட வெப்சைட் முகவரியை, எங்க பேருக்கு மாத்திக் குடுத்துடும்மா. விஷயம் முடிஞ்சுது."

மேனேஜர் அவள் வீட்டுச் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொன்னார். ஏணி தயாரிக்கும் கம்பெனியின் முதலாளி அவருக்கு அக்கா கணவர். பேசியே ஆளை வழிக்குக் கொண்டுவருவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது மேனேஜரின் எண்ணம்.

எதிரே மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவள், அந்தக் கம்பெனியில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். இணையதளம், மெயில், ஆர்டர் எல்லாமே அவள் கையில்தான் இருந்தன. மூன்று மாதத்துக்கு முன்பு, முதலாளி சொன்னது தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அன்று மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"டொமைன் உங்ககிட்ட இருக்கிறதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, சார். என் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரைக் குடுத்துடுங்க. அது இல்லாம புது இடத்துல சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க. நாளைக்குத்தான் கடைசி நாள்."

"அது வேற, இது வேறம்மா."

"அப்படியா சார்? நான் ரெண்டையும் சேர்த்துப் பேசலாம்னு இருந்தேன்."

மேனேஜருக்குச் சுருக்கென்றது. நாளை மறுநாள் புது இணையதளத்தின் திறப்பு. அழைப்பிதழில், டெலிவரி வண்டிகளின் முதுகில், எங்கு பார்த்தாலும் அந்த முகவரிதான். தளத்தைச் செய்த டிசைனரோ, டொமைன் கைக்கு வராமல் தன்னால் ஒன்றும் ஆகாது என்று கைவிரித்துவிட்டான். பழைய ஃபைலைப் புரட்டினால், அதை வாங்கிய ரசீதில் இவள் பெயர், இவள் கணக்கு.

டொமைனை விற்ற நிறுவனத்துக்கே மூன்று நாளாகப் போன் போட்டுப் பார்த்திருந்தார். முதலில் பேசியவள், கணக்கோடு சேர்ந்த மெயிலுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்லுங்கள் என்றாள். அடுத்தவன் அடையாள அட்டை கேட்டான். அனுப்பினால், "ரசீதுல இருக்கிற பேர் உங்க பேர் இல்லையே சார்" என்றான். மூன்றாவது ஆள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னான்.

"ஒரு பட்டனைத் தட்டினா மாறிடாதா இது?" என்றார் மேனேஜர் எரிச்சலாக.

"எங்க சார்! பூட்டைத் திறக்கணும், ரகசிய எண் வாங்கணும், ரெண்டு பக்கமும் கணக்கு வேணும், மெயில்ல ஒப்புதல் குடுக்கணும். நடுவுல ஒரு எழுத்து தப்பினாலும் மறுபடி அனா ஆவன்னாவிலேருந்து."

"நாங்க வக்கீல்கிட்ட போனா?"

"தாராளமாப் போங்க. நாளன்னிக்குள்ள முடிச்சுத் தருவாரான்னு மட்டும் கேட்டுக்குங்க."

மேனேஜர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். அவள் கேட்பது வெறும் ஒரு பக்கக் காகிதம். அதைத் தூக்கிப் போட்டால் கம்பெனியின் முகவரியே கைக்கு வருகிறது. சாமர்த்தியம் என்பது இதுதானே!

"லெட்டர் வந்தா எவ்வளவு நேரத்துல ஆகும்?"

"அஞ்சே நிமிஷம். டொமைன் கம்பெனி கணக்குல இருக்கிறதை உங்க கண்ணாலயே பார்க்கலாம்."

"பேச்சு மாற மாட்டியே?"

"ஏழு வருஷத்துல மாறியிருக்கேனா சார்?"

மேனேஜர் போனை எடுத்தார். "அத்தான், லெட்டரைக் குடுத்துடலாம்..." அவ்வளவுதான். மறுமுனைக் கத்தல் கூடம் முழுக்கக் கேட்டது. போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "கத்தாதீங்க அத்தான். ஒரே ஒரு கையெழுத்து. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

அரை மணி நேரத்தில் கடிதம் அவள் மெயிலுக்கு வந்தது. நிதானமாகப் படித்தாள்.

"சார், 'வேலையில் சுமாரானவர்'னு போட்டிருக்கே."

மேனேஜர் அசடு வழிந்தார். மறுபடி போன், மறுபடி கத்தல். இரண்டாவது கடிதத்தில், கம்பெனியின் இணையதளத்தை ஆரம்பத்திலிருந்து உருவாக்கி, ஏழு ஆண்டுகள் மிகச் சிறப்பாக நடத்தியவர் என்று இருந்தது. அவள் அதைப் புதுக் கம்பெனிக்கு அனுப்பினாள். 'பெற்றுக்கொண்டோம், திங்கட்கிழமை வாருங்கள்' என்று பதில் வரும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். "இப்ப கம்பெனி கணக்கைத் திறக்கலாம் சார்."

"நமக்குன்னு அப்படி ஒரு கணக்கு இருக்கா?"

"போன வருஷமே ஆரம்பிச்சு வச்சேன். முதலாளி நம்பர்தான் குடுத்திருக்கேன். பாஸ்வேர்டை மாத்தப் போறேன், அவருக்கு ஒரு ஓடிபி வரும். கேட்டுச் சொல்லுங்க."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஆறு எண்களைப் படித்தார். கணக்கு திறந்தது. நட்ட நடுவே ஒற்றை வரியாக, கம்பெனியின் முகவரி.

"வந்துடுச்சு அத்தான்! நம்ம கணக்குக்கே வந்துடுச்சு!" மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "பேசுற விதமாப் பேசினா எல்லாம் நடக்கும்னு சொன்னேனா இல்லையா?" போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். "கெட்டிக்காரிம்மா நீ. எப்ப மாத்தினே? பக்கத்துலயே இருக்கேன், எனக்கே தெரியலையே!"

அவள் முகவரிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த தேதியின் மேல் விரலை வைத்தாள்.

"என்னை வேலையை விட்டு அனுப்பினீங்களே சார், அன்னிக்குச் சாயங்காலமே."